பிராணாயாம வகுப்பா, பயோஃபீட்பேக்கா? மகளின் பதற்றத்துக்கு எது உதவியது

போன ஜூலையில் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும். இயற்பியல் புத்தகத்தை மூடிவிட்டு என் மகள் வந்து நின்றாள். "அம்மா, விரலெல்லாம் மரத்துப்போகுதும்மா. மூச்சே பத்தல." ப்ளஸ் டூ படிக்கிறாள். முதுகைத் தடவிக்கொடுத்து, "நல்லா மூச்ச இழுத்து விடு கண்ணு" என்றேன். இழுத்தாள், விட்டாள்; இன்னும் மோசமானது.

டாக்டர் தைராய்டு, ரத்தசோகை, இசிஜி எல்லாம் பார்த்துவிட்டு, பதற்றம்தான் என்றார். அதன்பின் இரண்டு வழிகளை அடுத்தடுத்து முயன்றோம். முதலில் பெரம்பூரில் எங்கள் பக்கத்துத் தெரு மொட்டைமாடியில் நடக்கும் பிராணாயாம வகுப்பு, ஆறு வாரம். அப்புறம் சென்சார் மாட்டிக்கொண்டு, இதயத்துடிப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று திரையில் பார்த்தபடியே மூச்சைச் சரிசெய்யும் பயோஃபீட்பேக், இப்போது ஆறு மாதமாக. நான் பயோஃபீட்பேக் பக்கம்தான்.

செலவில் வகுப்புதான் மலிவு, அதில் பேச்சே இல்லை. காலை ஆறு மணிக் காற்று, கூடச் செய்ய நாலு பேர், போன் தேவையில்லை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அடிப்படையில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது தணியும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 மூச்சு என்ற அளவுக்கு மெதுவாக்கினால் அந்த ஏற்ற இறக்கம் நன்றாகப் பெரிதாகிறது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் அனிச்சைச் செயலும் அதோடு சேர்ந்துகொள்கிறது. லத்தீனில் ஜெபமாலை சொல்பவர்களுக்கும் மந்திரம் சொல்பவர்களுக்கும் மூச்சு தானாகவே அந்த 6-க்கு அருகில் வந்து நிற்பதை 2001-இல் இத்தாலிய மருத்துவர்கள் அளந்தே காட்டினார்கள். ஆக, கருவி புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

அப்புறம் எதற்கு அது? தப்பாகச் செய்தால் சொல்வதற்கு.

வகுப்பில் இருபது பேர். மாஸ்டர் அக்கறையானவர், நிமிர்ந்து உட்காருகிறாளா, தோள் தூக்குகிறதா என்று பார்ப்பார். மூச்சு எவ்வளவு உள்ளே போய் வருகிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. மகளும் "சரியாத்தான் செய்றேன்" என்பாள். ஆனால் ராத்திரி படபடப்பு வந்ததும் தனியாக உட்கார்ந்து செய்வாள், பத்தாவது நிமிடம் தலை சுற்றுகிறது என்பாள். ஆறு வாரத்தில் அவளுக்கு மூச்சுப் பயிற்சி மேலேயே பயம் வந்துவிட்டது.

உளவியலாளரிடம் போன முதல் நாளே காரணம் திரையில் தெரிந்தது. வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட், காதுமடலில் ஒரு கிளிப். (விரலிலும் மாட்டலாம், பதற்றத்தில் விரல் ஜில்லிட்டுவிடுவதால் இவளுக்கு சிக்னல் சரியாக வரவில்லை.) மெதுவாகத்தான் மூச்சு விட்டாள், ஆனால் ஒவ்வொரு மூச்சும் மலை மாதிரி. இதயத்துடிப்புக் கோடு ரம்பப் பல்லாக வெட்டி வெட்டி ஓடியது. அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். விரல் மரத்துப்போவதும், தலை கிறுகிறுப்பதும், மூச்சு பத்தவில்லை என்று தோன்றுவதும் அதனால் வருபவை என்று அவர் விளக்கினார். நான் அன்று ராத்திரி "நல்லா இழு" என்று சொன்னது எரிகிற தீயில் எண்ணெய்தான்.

"மெதுவா விடும்மா, ஆனா சின்னதா விடு. பூ மோந்து பாக்குற அளவு போதும்" என்றார். நாலைந்து நிமிடத்தில் ரம்பப் பல் மழுங்கி, மெரினாவில் காற்றில்லாத நாளின் அலைபோல ஏறி இறங்க ஆரம்பித்தது. மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நான் பண்றதாம்மா?" என்று கேட்டாள். அவள் உடம்பு அவள் சொன்னபடி கேட்கும் என்று யாரும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்தக் கோடு காட்டிக்கொடுத்தது.

அந்த மாதிரி ஐந்து முறை போனோம். வீட்டுக்கு 9,000 ரூபாய் செலவில் கிளிப் சென்சார் வாங்கினோம். தினமும் 10 நிமிடம், இரண்டு வேளை. வீட்டுக் கருவியில் பெல்ட் கிடையாது, மூச்சின் அளவு தெரியாது, துடிப்புக் கோடு மட்டும்தான். அதனால் நேரடியாக இதை வாங்கிக் கொடுத்திருந்தால் இந்தப் பலன் கிடைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். முதல் சில முறையாவது தெரிந்தவர் முன்னால் செய்ய வேண்டும்.

ஆய்வு பற்றி: 2017-இல் 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இந்த பயோஃபீட்பேக் முறையால் பதற்றமும் மன அழுத்தமும் நன்றாகவே குறைந்திருந்தன. ஆனால் எல்லாம் சேர்த்தே 484 பேர்தான், ஒரு ஆய்வுக்குச் சராசரியாக 20 பேர். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்ததும் 17 வயதுப் பெண் ஒருத்தியை மட்டும். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தை இப்படி உட்காருமா என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்று. பள்ளிக்கே போக மறுக்கிற அளவு பயம், தூக்கமே இல்லை, சாக வேண்டும் என்ற பேச்சு என்றால் வகுப்பும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம். உடனே மனநல மருத்துவரிடம் போங்கள். 2008-இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரை 488 பேரிடம் நடந்த ஆய்வில், சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சையால் 60 சதவீதம் பேர் தேறினார்கள். அதோடு மாத்திரையும் சேர்ந்தபோது 81. மூச்சுப் பயிற்சி அதற்கு மாற்று இல்லை. அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் காட்டலாம்.

எனக்கு இருந்த பெரிய சந்தேகம், தேர்வு அறைக்குள் கருவி வராதே என்பது. உளவியலாளர் அதற்கும் வழி வைத்திருந்தார்: ஒவ்வொரு முறையும் கடைசி மூன்று நிமிடம் திரையைத் திருப்பி வைத்துவிட்டுச் செய்ய வேண்டும், முடிந்ததும் கோட்டைப் பார்க்க வேண்டும். டிசம்பருக்குள் திரையைப் பார்த்துச் செய்த கோடும் பார்க்காமல் செய்த கோடும் ஒரே மாதிரி வர ஆரம்பித்தன. போன வாரம் வேதியியல் பிராக்டிகலுக்கு ஆட்டோவில் போகும்போது திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் திறந்தபடியே, உதடு லேசாகக் குவிந்து, யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டு வந்தாள். கிளிப் வீட்டு மேஜையில் கிடந்தது.