மறுப்பவரிடம் எப்படிப் பேசுவது: ஒரு சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பு

சுவிசேஷம் சொல்லப் போனால் 'வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொல்பவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று பக்கத்துச் சபையில் ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். மதியச் சாப்பாட்டோடு 250 ரூபாய். கொடுத்த காசுக்கு மோசமில்லை.

காலை அமர்வுதான் உயிர். பைபிளில் லூக்கா 9-ஆம் அதிகாரம். சமாரியர் கிராமம் இயேசுவை ஏற்கவில்லை. வானத்திலிருந்து அக்கினியை இறக்கலாமா என்கிறார்கள் சீடர்கள் யாக்கோபும் யோவானும். இயேசுவிடம் அதட்டு வாங்கியது அவர்கள்தான். பிறகு எல்லோரும் வேறு கிராமத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்து அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணம்: அப்போஸ்தலர் பவுல் அங்கே சுவிசேஷம் பேசியதும் சிலர் கேலி செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள். தியொனீசியு, தாமரி, இன்னும் சிலர் விசுவாசித்தார்கள். பவுல் யாரையும் மறித்து நிற்கவில்லை, புறப்பட்டுப் போய்விட்டார். வகுப்பெடுத்த ஐயா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். குரலை உயர்த்தாமலே புரியவைத்தார்.

மதியம் நடித்துப் பார்க்கும் பயிற்சி. என்னைப் பக்கத்து வீட்டு அக்காவாக உட்காரவைத்தார்கள். "எங்க சாமி எங்களுக்கு இருக்கு தம்பி, விட்ருங்க" என்றேன். அந்தத் தம்பி எடுத்த எடுப்பிலேயே நரகத்தை இழுத்துவிட்டான்! ஐயா நிறுத்தி, "அக்கா காபி குடுத்தா குடிச்சிட்டு, பையன் பரீட்சை எப்படி எழுதினான்னு கேட்டுட்டு வாப்பா" என்றார்.

கையேடுதான் சொதப்பல். முழுக்க எதிர்வாதத்துக்குப் பதில்கள். மறுப்பவரின் காரணத்தைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு பக்கம்கூட இல்லை. வீட்டிலேயே மறுக்கும் கணவர், பிள்ளைகள் பற்றியும் மூச்சில்லை. வந்திருந்த பெண்களில் பலருக்கு அதுதானே பிரச்சினை.

ஐந்துக்கு மூன்றரை. போகிறவர்கள் முன்வரிசையில் இடம்பிடியுங்கள், மின்விசிறி அங்கேதான் ஒழுங்காக ஓடுகிறது.