நிரம்பிய கிண்ணமா, அளந்த சாப்பாடா? லாப்ரடார் குட்டிக்கு எது பொருந்தும்

மூன்று மாத லாப்ரடார் குட்டி, வைத்த தீவனத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு, காலிக் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டே சமையலறை வாசல் வரை வந்து நிற்கும். "வளர்ற குட்டி, இன்னும் கொஞ்சம் போடு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கிண்ணத்தை நாள் முழுதும் நிரப்பியே வைப்பதா, கால் மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடுவதா, வேளைக்கு இவ்வளவு என்று அளந்து போடுவதா என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

நிரம்பிய கிண்ணம் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. கொறித்துக் கொறித்துத் தின்னும் மிகச் சிறிய இனங்களுக்கு ஓரளவு ஒத்தும் வரும். லாப்ரடாருக்கு ஒத்துவராது. இந்த இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு நாய்க்கு, வயிறு நிறைந்த உணர்வைத் தரும் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதை 2016-இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு காட்டியது. அத்தகைய குட்டியிடம் "போதும்" என்ற சொல்லை எதிர்பார்ப்பது வீண். தவிர, எப்போது தின்றது என்று தெரியாவிட்டால் எப்போது வெளியே கூட்டிப்போவது என்றும் தெரியாது. மழைக்காலத்தில் தீவனம் நமுத்துப்போவதும் எறும்பு மொய்ப்பதும் தனித் தொல்லை.

கால் மணி நேர முறை, சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் குட்டியைப் பழக்க உதவும். ஒரு நிமிடத்தில் கிண்ணத்தைத் துடைத்துவிடும் குட்டிக்கு அதனால் கட்டுப்பாடு ஏதுமில்லை.

எனவே என் தேர்வு அளந்து போடுவதுதான். மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு என்பது பொதுவான வழக்கம். அளவைத் தராசில் நிறுத்துக்கொள்வது நல்லது. ஒருவர் தலைதட்டியும் இன்னொருவர் கோபுரமாகவும் போடும் டம்ளரை நம்பினால், வாரக் கடைசியில் கணக்கு எங்கோ போய்விடும். பழக்கும்போது கொடுக்கும் தின்பண்டங்களையும் அன்றைய அளவிலிருந்தே கழிக்க வேண்டும். 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்கு எட்டு வார வயதிலிருந்தே 25 சதவீதம் குறைவாகக் கொடுத்து வளர்த்த நீண்ட அமெரிக்க ஆய்வில், குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டாகவும் மற்றவற்றுக்கு 11.2 ஆண்டாகவும் இருந்தது. இடுப்பு மூட்டுக் கோளாறும் அவற்றில் குறைந்தே காணப்பட்டது. குட்டியைப் பட்டினி போடலாம் என்று இதற்குப் பொருளில்லை. பையில் அச்சிட்ட அட்டவணையில் தொடங்கி, வாரம் ஒருமுறை விலாவைத் தடவிப் பார்த்து அளவைத் திருத்த வேண்டும். விரித்த கையின் புறத்தைத் தடவும்போது எலும்புகள் எப்படித் தட்டுப்படுகின்றனவோ, விலாவும் அப்படித் தட்டுப்பட்டால் சரி. உள்ளங்கையைப் போல மெத்தென்றிருந்தால் அளவு கூடிவிட்டது.

மதிய வேளைக்கு வீட்டில் ஆள் வேண்டும் என்பதுதான் இம்முறையின் உண்மையான குறை. இருவர் மாறி மாறிப் போடும் வீட்டில், போட்டவர் காலண்டரில் ஒரு கோடு கிழித்தால் இரட்டைச் சாப்பாடு தவிரும். அள்ளி விழுங்கும் அவசரத்துக்குத் தீவனத்தைத் தாம்பாளத்தில் பரப்பி வைத்தாலே போதும்.

சரியாக அளந்து போட்டும் குட்டியின் உடல் தேறாமல் வயிறு மட்டும் பானை போல உப்பியிருந்தால், பசிக்குக் காரணம் குடற்புழுவாக இருக்கலாம். அப்போது அளவைக் கூட்டுவதற்கு முன் மலப் பரிசோதனை செய்து, கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது முறை.