பழைய வேனின் ரேடியேட்டர்: கோர் மாற்றுவதா, அலுமினியம் வாங்குவதா?

எங்கள் டொயோட்டா டொல்பின் ஹயஸ் வேன் ஹட்டனுக்கும் கொழும்புக்கும் இடையே பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் கித்துல்கலவைத் தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தபோது, வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தை விட்டு மேலேறத் தொடங்கியது. அதற்கு முன்பே ஏறத்தாழ இரண்டு மாதங்களாக, காலையில் பார்க்கும்போதெல்லாம் ரேடியேட்டரின் நீர்ப் போத்தலில் மட்டம் இறங்கியிருப்பதும், நாங்கள் பீலித் தண்ணீரை (மலை ஊற்று நீரை) ஊற்றி நிரப்புவதும் வழக்கமாகியிருந்தன. ரேடியேட்டரைக் கழற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது இரண்டு வழிகள் தெரிந்தன. பழைய பித்தளைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுவிலுள்ள செப்புக் கோரை (நீர் ஓடும் குழாய்களும் அவற்றிடையே உள்ள மெல்லிய செதில்களும் சேர்ந்த பகுதியை) மட்டும் புதிதாக மாற்றுவது ஒன்று. அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்ட புதிய ரேடியேட்டரை முழுதாக வாங்கிப் பொருத்துவது மற்றொன்று. நாங்கள் கோர் மாற்றினோம். இதே வகை வேன் வைத்திருக்கும் பண்டாரவளை மைத்துனர் அதற்குச் சில மாதங்கள் முன்னர் அலுமினியத்தை வாங்கியிருந்தார். அதனால் இரண்டின் போக்கையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது.

மலைநாட்டில் சிறு கசிவுகூட ஏன் பெரிய விடயமாகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே திறந்த பாத்திரத்தில் நீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். எஞ்சினோ 80 பாகைக்கு மேலான வெப்பத்தில் இயங்குமாறு அமைக்கப்பட்டது. ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்துவைத்திருக்கும்வரை அதே உயரத்திலும் நீர் 115 பாகை வரை கொதிக்காது. ஓர் ஊசித்துளை வழியாக அந்த அழுத்தம் வெளியேறிவிட்டால் எஞ்சியிருப்பது பத்துப் பாகை அளவிலான இடைவெளி மட்டுமே. இரண்டாம் கியரில் ஏறும் நீண்ட ஏற்றம் ஒன்று அதை விழுங்கிவிடும். ஆகவே சிந்தும் நீரின் அளவை மட்டும் பார்த்து, தினமும் அரைப் போத்தல்தானே என்று ஆறுதல் அடையக்கூடாது.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், கசிவு ரேடியேட்டரில்தானா என்பதை உறுதி செய்யாமல் பணம் செலவிடுவது வீண். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி 0.9 பார் வரை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று கால் மணி நேரம் பார்ப்பதே நம்பகமான சோதனை. எங்கள் வேனில் முள் மெதுவாக இறங்கியது. ரேடியேட்டரின் அடிப்பகுதியில், சேறு படிந்து செதில்கள் உதிர்ந்திருந்த மூலையில் ஈரம் தெரிந்தது. அத்துடன் நின்றுவிடாமல் இருக்கையைத் தூக்கி வோட்டர் பம்ப்பின் கசிவைக் காட்டும் சிறு துளையின் கீழே காய்ந்த கறை இருக்கிறதா என்றும் பார்த்தோம். பின்பக்க ஹீட்டர் உள்ள ஹயஸ் வேன்களில் அதற்கான இரும்புக் குழாய்கள் வண்டியின் அடியில் நீளமாக ஓடுகின்றன. அவை துருப்பிடித்துக் கசிவதைப் பலர் கவனிப்பதில்லை. வெளியே எங்கும் ஈரமே இல்லாமல் நீர் குறைந்து, எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் வாயில் குமிழிகள் தொடர்ந்து வந்தால், சந்தேகம் ஹெட் கெஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதியின் அடியிலுள்ள அடைப்புத் தகடு) மீது திரும்ப வேண்டும். அப்போது இந்த ஒப்பீடே தேவைப்படாது.

கசிவை அடைக்கும் தூள்களையும், பழைய சாரதிகள் போடும் மஞ்சள்தூளையும் நான் இங்கே ஒரு வழியாகக் கணக்கில் எடுக்கவில்லை. நடுவழியில் நின்றுவிட்ட வண்டியை வீடு சேர்க்க அவை உதவலாம். ஆனால் ஊசித்துளையை அடைக்கும் அதே பொருள் ஒடுக்கமான கோர்க் குழாய்களையும் ஹீட்டரையும் அடைக்கும். கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் ஜப்பானியப் பழைய ரேடியேட்டரையும் யோசித்தோம். எங்களுடையது எவ்வளவு பழையதோ அதுவும் ஏறத்தாழ அவ்வளவு பழையது என்பதால் விட்டுவிட்டோம்.

அலுமினியத்துக்கு உரிய நியாயத்தைச் செய்ய வேண்டும். அது எடை குறைந்தது. செப்பு வெப்பத்தை அதைவிட நன்றாகக் கடத்தும் என்பது உண்மையே என்றாலும், அலுமினியக் குழாய்களை அகலமாகச் செய்ய முடிவதால் குளிர்விக்கும் திறனில் நடைமுறையில் பின்தங்குவதில்லை. மைத்துனரின் வேன் பொருத்திய நாளிலிருந்து முள் அசையாமல் ஓடியது. செலவும் எங்களுடையதைவிடக் குறைவு. ஒரே நாளில் வேலை முடிந்தது என்பதும் வாடகைக்கு ஓடும் வண்டிக்குச் சிறிய காரியமன்று. அன்று யாராவது கேட்டிருந்தால் நானும் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

பழுது வந்த நாளில்தான் வேறுபாடு தெரிந்தது. பலாங்கொடையிலிருந்து திரும்பும்போது, ஹல்துமுல்ல தாண்டி பெரகல ஏற்றத்தில், மேல் ஹோஸ் பொருந்தும் கழுத்தடியில் பிளாஸ்டிக் தொட்டி வெடித்தது. பிளாஸ்டிக்கில் ஈயம் பற்றாது. அந்தத் தொட்டி கோரின் விளிம்பில் ரப்பர் வளையத்துடன் மடித்து இறுக்கப்பட்டிருப்பதால், அதைப் பிரித்துத் தொட்டியை மட்டும் மாற்றுவது உள்ளூர் கராஜ்களில் எளிதாக நடக்கும் வேலையன்று. பசை பூசிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மீண்டும் ஒழுகியது. முடிவில் கொழும்பிலிருந்து இன்னொரு முழு ரேடியேட்டர் வரும்வரை வேன் வீட்டு வாசலில் நின்றது. வாங்கியபோது மிச்சமான பணம் அந்த ஓட்டமில்லாத நாட்களிலேயே கரைந்துவிட்டது.

என் முடிவு முழுவதும் தங்கியிருப்பது இந்த ஒரு காரணத்தில்தான்: பழுது வந்தால் இங்கேயே, அன்றைக்கே, கையிலுள்ள கருவிகளால் அதைச் சரிசெய்ய முடியுமா? பித்தளையும் செப்பும் ஈயப்பற்றால் இணைக்கப்பட்டவை. கண்டியில் எங்களுக்குக் கோர் மாற்றித் தந்த முதியவர் சுடரைக் காட்டி இரு தொட்டிகளையும் கழற்றினார். உள்ளே படிந்திருந்த துருச்சேற்றைச் சுரண்டிக் கழுவினார். புதிய கோரை வைத்துப் பற்றவைத்தார். பின்னர் எல்லா வாய்களையும் அடைத்து, நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் காற்றைச் செலுத்தினார். ஒரு மூலையில் மணிபோலச் சிறு குமிழிகள் வந்தன. அதைத் துடைத்து மீண்டும் பற்றவைத்தபடி, “தம்பி, இது நாளைக்கு எங்க ஒழுகினாலும் எந்த பாஸ்கிட்டயும் கொண்டு போகலாம், எல்லாரும் செய்வாங்க” என்றார். பாஸ் என்றால் இங்கே கைவேலை தெரிந்த தொழிலாளி. அந்த வாக்கியத்துக்காகவே நான் கூடுதல் பணம் கொடுத்தேன் என்று சொல்லலாம். நான்கு மாதங்களுக்குப் பின் வேலியில் உரசி வடிகுழாயின் அடியில் கசிவு வந்தபோது, ஹட்டனிலேயே காலையில் கழற்றி மாலையில் பொருத்தி ஓட்டிவந்தோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2025இன் தொடக்கத்தில் அது தளர்ந்த பின்னரும் வரிகள் உயர்ந்தே இருப்பதும் இந்தக் கணக்கை இன்னும் அழுத்தமாக்குகின்றன. இன்றிருக்கும் வேனை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டப்போகிறவருக்கு, தூக்கி எறிந்து புதிது வாங்க வேண்டிய பாகத்தைவிடத் திரும்பத் திரும்பத் திருத்தக்கூடிய பாகமே பெறுமதியானது. பழைய செப்புக் கோருக்கும் எடைக்கு விலை உண்டு. கடையிலேயே விட்டுவிடுவதாக இருந்தால் அந்தத் தொகையைக் கூலியில் கழிக்கும்படி முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். நாங்கள் பேச மறந்துவிட்டோம்.

கோர் மாற்றுவதிலும் ஏமாறும் இடங்கள் உண்டு. மூன்று வரிசைக் குழாய்கள் இருந்த இடத்தில் இரண்டு வரிசைக் கோரை வைத்துத் தந்துவிடுவார்கள். வெளிப்பார்வைக்கு வேறுபாடு தெரியாது, முதல் ஏற்றத்தில் தெரிந்துவிடும். ஆகவே பழைய கோரைக் கண்ணெதிரே எண்ணிப் பார்த்துவிட்டே புதியதைக் கேட்க வேண்டும். செதில்கள் மிக நெருக்கமாக இருப்பதும் இங்கே நல்லதன்று. தோட்டப் பாதைகளின் சேறும் இலைத்துணுக்குகளும் அவற்றிடையே புகுந்து உலர்ந்துவிடுகின்றன. ஒழுகும் குழாய்களை இருபுறமும் ஈயத்தால் அடைத்துவிட்டு, கோர் மாற்றத் தேவையில்லை என்று கூறுபவர்களும் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு குழாய்களோடு நின்றால் ஏற்கலாம். அதற்கு மேல் அடைத்தால் குளிர்விக்கும் பரப்பே குறைந்துவிடும்.

எதை வைத்திருந்தாலும் பீலித் தண்ணீரை நிரந்தரமாக ஊற்றுவதை நிறுத்த வேண்டும். அது யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப்போலச் சுண்ணாம்பு படியவைப்பதில்லை என்பதால் தீங்கில்லை என்று நாங்களும் நம்பியிருந்தோம். ஆனால் அரிப்பைத் தடுக்கும் மருந்து எதுவும் அதில் இல்லை. எங்கள் தொட்டியிலிருந்து சுரண்டி எடுத்த செந்நிறச் சேறு எஞ்சினின் இரும்பிலிருந்து வந்தது. உறைவதையும் அரிப்பையும் தடுக்கும் கூலன்ட் திரவத்தை மூன்றில் ஒரு பங்கு சேர்த்தாலே −15 பாகை வரை உறையாது என்பதால், நுவரெலியாவின் ஜனவரிப் பனிக்கு அது தாராளமாகப் போதும். பாதிக்குப் பாதி கலப்பதை அரிப்புப் பாதுகாப்புக்காகச் செய்கிறோம்.

எங்கள் கோர் மாற்றி இன்னும் இரண்டு ஆண்டுகள் நிறையவில்லை. பத்தாண்டு தாங்குமா என்று என்னால் உறுதி கூற முடியாது. பிளாஸ்டிக்கே இல்லாமல் முழுவதும் அலுமினியத்தில் பற்றவைத்த ரேடியேட்டரை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. ஆகவே அதைப் பற்றிய தீர்ப்பு இதில் இல்லை. தொழிற்சாலையிலிருந்தே அலுமினியத்துடன் வந்த புதிய கார்களுக்கு அதையே தொடர்வதுதான் முறை.

கோருடன் மூடியையும் இரு ஹோஸ்களையும் அதே நாளில் மாற்றினோம். நிரப்பும்போது வேனின் முன்பக்கம் மேட்டில் இருக்குமாறு நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவைத்து, வாயில் குமிழிகள் நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டோம். முதல் வாரத்தில் இரண்டு முறை சிறிது சேர்க்க வேண்டியிருந்தது. அதன்பின், வடிகுழாய் உரசிய அந்த ஒரு நாளைத் தவிர, போத்தலில் மட்டம் இறங்கவில்லை.