வளைந்த கதவு செய்யக் கொடுக்கிறீர்களா? முதலில் அச்சைக் காட்டச் சொல்லுங்கள்

சாப்பாட்டு அறைக்கு ஒரு அலமாரி செய்யக் கொடுத்தேன். முன்பக்கம் வில் போல வளைந்த இரண்டு கதவுகள், மேலே தேக்கு வெனீர், அதாவது தாள் போல மெல்லிசாகச் சீவிய தேக்குத் தகடு. "மெல்லிசு பிளைவுட்ட அச்சு மேல அடுக்கடுக்கா ஒட்டி, வேக்குவம் பைல போட்டு அழுத்திடுவோம் சார், அசையாது" என்றார் பட்டறைக்காரர். அச்சு என்பது வளைவாகச் செய்த அடிக்கட்டை; வேக்குவம் பை என்பது காற்றை உறிஞ்சி எடுத்துப் பலகையை அதோடு அழுத்தும் பை. முக்கால்வாசிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். அங்கேயே கோட்டை விட்டேன்.

வந்தபோது கதவுகள் பளபளத்தன. பாலிஷ் போட்டால் எதுதான் பளபளக்காது! நான்காவது மாதம் ஒரு மாலை, சன்னல் வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் கவனித்தேன். வளைவு முழுக்க மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள், விரற்கடைக்கு ஒன்றாக. தடவிப் பார்த்தால் பென்சிலின் பட்டைகள் மாதிரி விரலில் தட்டியது. அப்புறம் கீல் பக்கம் வெனீர் உப்பத் தொடங்கியது. அழுத்தினால் உள்ளே போகும், கையை எடுத்தால் 'டப்'பென்று எழும்பும்.

கதவைக் கழற்றி, மேல் விளிம்பில் ஒட்டியிருந்த பட்டையை உரித்தேன். அடுக்காவது ஒன்றாவது! மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை ஒன்றே ஒன்று, அது வளைவதற்காகப் பின்பக்கம் முழுக்க ரம்பக் கீறல், பக்கவாட்டில் பார்த்தால் சீப்புப் பல் மாதிரி. அதை மறைக்கப் பின்னால் ஒரு மைக்கா.

கீறி வளைப்பதே தப்பு என்று சொல்லவில்லை. கீறல்களைப் பசையால் நிரப்பி, முன்பக்கம் ஒரு மெல்லிய பிளை ஒட்டித் தேய்த்த பிறகு வெனீர் போட்டால் கோடு தெரியாது. இவர் அரை மில்லிமீட்டர் வெனீரை நேராக அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார். அதுவும் ரப்பர் பசையில். அந்தப் பசை கடைசி வரை இறுகாது. ஈரப்பதம் ஏறி இறங்க வெனீர் விரிந்து சுருங்கும்போது அதுவும் கூடவே இழுபடும். பாலிஷில் இருக்கும் தின்னர் உள்ளே ஊறினாலும் இளகும். வளைவுக்கு யூரியா பசை மாதிரி இறுகிக் கெட்டியாகிற பசைதான் வேண்டும்.

போன் செய்தேன். "மரம்னா வேலை செய்யும் சார். ஏசி போடுறீங்களா?" என்று என்னையே கேட்டார். மரம் தானாக விரிந்து சுருங்குமாம். எம்.டி.எஃப். எந்தக் காட்டில் வளர்கிற மரமோ! அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் என்ன முறை, என்ன பசை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விளிம்புப் பட்டை ஒட்டும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். வெட்டி எறியும் ஓரத்துண்டு ஒன்றைக் கேளுங்கள், அடுக்கை எண்ணிவிடலாம். தயங்கினால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இப்போது வேறொருவரிடம் கொடுத்திருக்கிறேன். கேட்காமலேயே அச்சைக் காட்டினார். வரைபடத்தைவிட வளைவு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஏன் என்றேன். அச்சிலிருந்து எடுத்ததும் பலகை சற்று விரியுமாம், அதற்கு முன்கூட்டியே கணக்கு. பழைய கதவுகள் வீட்டில் சுவரோரம் சாய்ந்து கிடக்கின்றன. அந்தக் கொப்புளம் இப்போது உள்ளங்கை அகலம்.