அவதூறு நோட்டீஸும் ஒரு நல்ல வக்கீல் அலுவலகமும்

ராமநாதபுரத்தில் நான் போய்வந்த ஒரு வக்கீல் அலுவலகத்தைப் பற்றியது இது. பெயர் போடவில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருப்பதால் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

நான் பாம்பனில் மீன் வாங்கி விற்பவள். ஏப்ரல் 15-ல் விசைப்படகுக்குத் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை நாட்டுப்படகு மீன்தான். அந்த நேரத்தில் கணவாயும் சீலாவும் இருப்பு வைத்து விற்க, குழு லோன் எடுத்து ஒரு ஃப்ரீசர் வாங்கினேன். பில்லில் புதுசு என்றுதான் இருந்தது. கம்ப்ரசர் நின்றுபோய் கம்பெனி மெக்கானிக் வந்து பார்த்தபோது, அந்த சீரியல் நம்பர் முன்பே வேறொருவர் பெயரில் வாரண்டியில் பதிவாகியிருந்தது. அதைச் சர்வீஸ் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் மாற்றித் தரவில்லை. நடந்ததை அப்படியே, கடைப் பெயரோடு, எங்கள் மகளிர் குழு வாட்ஸ்அப்பில் எழுதினேன். அதற்குத்தான் நோட்டீஸ்: 15 நாளில் மன்னிப்பு, 5 லட்சம் நஷ்டஈடு, இல்லையென்றால் கிரிமினல் வழக்கு.

போலீஸ் வீட்டுக்கு வந்துவிடும் என்று மாமியார் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். வக்கீல் முதலில் அந்தப் பயத்தைத்தான் தீர்த்தார். அவதூறுக்குப் போலீஸ் தானாக வந்து கைது செய்ய முடியாது, கடைக்காரர்தான் மாஜிஸ்திரேட்டிடம் போய்ப் புகார் கொடுக்க வேண்டும், அப்படியே போனாலும் ஜாமீன் கிடைக்கிற குற்றம்தான் என்றார்.

“உண்மையைத்தானே சார் எழுதினேன், அதுக்கு எப்படி கேஸ்?” என்று கேட்டேன். சிவில் வேறு, கிரிமினல் வேறு என்று பொறுமையாகப் பிரித்துச் சொன்னார். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு போட்டால், எழுதியது உண்மை என்று நிரூபித்தாலே போதும். அந்த வழக்கையும் ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். கிரிமினலில் அப்படி இல்லை. 1860-ம் வருடத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் அவதூறு 499-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-வது பிரிவு. 2 வருடம் வரை சிறை, அபராதம், இல்லாவிட்டால் சமூக சேவை. அதில் முதல் விதிவிலக்குதான் உண்மை. ஆனால் சொன்னது உண்மையாகவும் இருக்க வேண்டும், பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் காட்ட வேண்டிய பொறுப்பு நம்முடையது.

எனக்குக் கோபம் வந்தது. பணத்தையும் கொடுத்து ஏமாந்தவள், உண்மையைச் சொன்னதற்குக் காரணமும் காட்ட வேண்டுமா? இது நியாயம் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. 2016-ல் உச்ச நீதிமன்றமே இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது, அதனால் அதற்குள் நின்று பதில் சொல்வோம் என்றார்.

அப்புறம்தான் அவருடைய வேலை தெரிந்தது. யாருக்கு எழுதினீர்கள், எதற்காக எழுதினீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். குழுவில் இன்னும் இரண்டு பேர் அதே கடையில் லோனுக்கு ஃப்ரீசர் எடுக்க இருந்தார்கள் என்றதும் பேனாவை எடுத்தார். பொது நன்மைக்கு அதுதான் நம் ஆதாரம் என்றார். பில், சர்வீஸ் சீட்டு எல்லாம் நகல் எடுத்துக்கொண்டார். போனில் இருக்கும் போட்டோவைக் கோர்ட்டில் காட்ட அதற்கென்று ஒரு சான்றிதழ் வேண்டுமாம், வழக்கு முடியும்வரை போனை மாற்றாதீர்கள் என்றார்.

என் கொழுந்தன் அதே குழுவில் என் போனிலிருந்து, “அவன் ஊரையே ஏமாத்துற திருட்டுப்பய” என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். அதை இரண்டு தடவை ஓடவிட்டுக் கேட்டார். “ஊரையே என்பதற்கு என்னப்பா சாட்சி? உங்க அண்ணி கையில ஒரு ஃப்ரீசருக்குத்தான் சீட்டு இருக்கு” என்றார். எழுதினாலும் வாயால் சொன்னாலும் நம் சட்டத்தில் ஒரே பிரிவுதான், யாருக்கும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். கொழுந்தன் அதன்பிறகு வாய் திறக்கவில்லை.

பதில் நோட்டீஸ் இரண்டே பக்கம். கடையைப் பற்றி ஒரு வசைச்சொல் கிடையாது, தேதியும் சீரியல் நம்பரும்தான். கட்டணம் நோட்டீஸ் பதிலோடு சேர்த்து 2,500 ரூபாய், ரசீது உண்டு. கெடு முடிந்துவிட்டது, இதுவரை வழக்கு எதுவும் வரவில்லை. ஃப்ரீசருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நானே மனுப் போடலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை, 5 லட்சம் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். தனக்கு வரவேண்டிய வருமானத்தை விட்டுக்கொடுத்து இப்படிச் சொல்கிறவர்கள் குறைவு.

குறை என்றால், பதில் நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்தது. நான் கையெழுத்துப் போடுவது எனக்குப் புரிய வேண்டும் என்று கேட்ட பிறகுதான் குமாஸ்தா தமிழில் எழுதித் தந்தார். கேட்காமலே தர வேண்டும். காலையில் அவர் கோர்ட்டில் இருப்பதால் வெகுநேரம் காக்க வேண்டியிருக்கிறது, மாலையில் போவது நல்லது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.