இத்தாலியனில் விடைபெறும் சொற்களும் மொழிபெயர்ப்புச் செயலியும்: நீண்ட நாள் புழக்கத்தில் தெரிந்தவை

இத்தாலியச் செய்திகளை ஆங்கிலமாக்க மாதக்கணக்கில் செயலியைப் புழங்கினால் ஒன்று பிடிபடும். நீளமான வாக்கியத்தில் அது பெரும்பாலும் தடுக்காது. கிளம்பும்போது சொல்லும் இரண்டு வார்த்தையில்தான் சறுக்கும்.

‘சி சென்தியாமோ’ நம் ‘அப்புறம் பேசலாம்’தான். ஆனால் ‘சென்தீரே’ என்ற வினைக்குக் கேட்பது, உணர்வது என இரண்டு பொருளும் உண்டு. தனியாக ஒட்டினால் ‘வீ ஃபீல்’ என்று வந்து நிற்கலாம். ‘டாக் சூன்’ என்பதே சரி. முந்தைய செய்தியையும் சேர்த்து ஒட்டுங்கள், பாதித் தொல்லை தீரும்.

‘புவோன் லவோரோ’ வேலைக்குப் போகிறவரை வாழ்த்தி அனுப்புவது. ‘குட் வர்க்’ என்று மாற்றினால் முடித்த வேலையைப் பாராட்டுவதாகிவிடும். ஆங்கிலத்தில் இதற்கு நேர்ச்சொல் கிடையாது. ‘ஹாவ் எ குட் டே’ போதும். ‘புவோனா நொத்தே’ தூங்கப் போகிற நேரத்துக்கு. சாயங்காலம் கடையிலிருந்து கிளம்பினால் ‘புவோனா செராத்தா’.

அடுத்தது திட்டங்கள். ‘தொமானி வாதோ ஆ ரோமா’ (நாளைக்கு ரோம் போகிறேன்) நிகழ்கால வடிவம்தான், ஆனாலும் ‘ஐ ஆம் கோயிங்’ என்றே வரவேண்டும். ‘சரா ஆ காசா’ எதிர்கால வடிவம், பொருளோ பல இடங்களில் ஊகம்: நாம் ‘இந்நேரம் வீட்டில் இருப்பான்’ என்கிறோமே, அதேதான். ‘மஸ்ட் பி அட் ஹோம்’ என்று எழுதினால் குழப்பமில்லை. ‘எந்த்ரோ வெனெர்தி’க்கு ‘பை ஃப்ரைடே’. ‘அன்டில்’ போட்டால் கெடு தேதியே மாறிப்போகும்.

எல்லாவற்றிலும் மோசமான பொறி ‘ஒஜ்ஜி ஆ ஒத்தோ’. பார்த்தால் ‘இன்று எட்டு மணிக்கு’ போலிருக்கும். உண்மையில் அடுத்த வாரம் இதே கிழமை. இன்றையும் சேர்த்து எண்ணி எட்டாம் நாள் என்று சொல்லும் கணக்கு, நமக்குப் புதிதில்லை. மணியைச் சொல்வதானால் ‘ஒஜ்ஜி அல்லே ஒத்தோ’. சந்தேகமா? வந்த ஆங்கிலத்தைத் திருப்பி இத்தாலியனுக்கு மாற்றிப் பாருங்கள். மூலத்தில் இல்லாத ‘அல்லே’ முளைத்திருந்தால் செயலி கிழமையை மணியாக்கிவிட்டது என்று அர்த்தம். ‘ஃப்ரா குயின்திசி ஜோர்னி’யிலும் இதே கணக்குதான். 15 நாள் என்பது அவர்கள் பேச்சில் 2 வாரம். திங்களன்று சொன்னால் திங்களன்றுதான் வருவார்கள். ‘ஃபிஃப்டீன் டேஸ்’ என்று எழுதிவிட்டு செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனில் போய் நிற்காதீர்கள்.