ஏபிஎஸ் விளக்கு அணைந்ததும் வேலை முடிந்தது என்று நம்பி ஏமாந்தேன்

பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றிவிட்டோம் என்று பில் போட்ட ஒர்க்‌ஷாப், என் காரில் அன்றைக்கு உண்மையில் செய்த வேலை இரண்டுதான். ஒரு பியூஸைப் பிடுங்கியிருக்கிறார்கள், ஒரு பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். இது எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது. அதுவும் மழையில் வண்டி வழுக்கிய பிறகு. பழைய கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என்னுடையது 18 வருடக் கார். சிக்னலில் நிறுத்தும்போது, வண்டி கிட்டத்தட்ட நின்றேவிட்டது என்கிற நேரத்தில், பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது வரும் உதறல் அது. ஆனால் காய்ந்த ரோடு, மெதுவாகத்தான் மிதிக்கிறேன், ஏபிஎஸ் உள்ளே வர ஒரு காரணமும் கிடையாது. வேகத்தில் பிரேக் பிடித்தால் எதுவும் இல்லை. சில நாள் ஏபிஎஸ் விளக்கு எரியும். வண்டியை அணைத்துத் திரும்ப எடுத்தால் போய்விடும்.

முதலில் நானே பார்த்துவிடலாம் என்று உள்ளங்கை அளவு ஸ்கேனர் ஒன்று வாங்கிச் செருகினேன். கோளாறு எதுவும் இல்லை என்றது. அது செருகும் சாக்கெட்டின் பொது விதிமுறையே புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்தது, அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயம் ஆக்கினார்கள். அதனால் மலிவான ஸ்கேனர்களில் பெரும்பாலானவை எஞ்சினோடு மட்டும்தான் பேசும், பிரேக் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. இது அப்போது எனக்குத் தெரியாது. அதனாலேயே ஒர்க்‌ஷாப்பில் இருந்த பெரிய ஸ்கேனர் 'இடது முன் வீல் சென்சார்' என்று காட்டியதும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

சென்சாரை மாற்றினார்கள். ஒரு வாரத்தில் அதே உதறல், ஸ்கேனரில் அதே கோளாறு எண், அதாவது கோடு. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். அந்தக் கோடு சொல்வதெல்லாம் அந்தச் சக்கரத்திலிருந்து சிக்னல் ஒழுங்காக வரவில்லை என்பதுதான். கெட்டது சென்சாராக இருக்கலாம், வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கலாம், கனெக்டரில் பச்சை பிடித்திருக்கலாம், வீல் பேரிங் ஆடலாம். மீட்டரை வைத்துப் பார்க்காமல் சென்சார் என்று சொல்வது ஊகம்தான். இரண்டாம் முறை அவர்கள் ஊகத்தை இன்னும் பெரிதாக்கினார்கள்.

"அப்போ யூனிட்தான் சார். பழைய வண்டியில இது சகஜம்."

இரண்டு நாள் வைத்திருந்தார்கள். யூனிட், பிரேக் ஆயில், கூலி என்று பில் வந்தது. பழைய யூனிட்டைக் கேட்டேன். "அதைத் திருப்பிக் கொடுத்தாதான் சார் புதுசு தருவாங்க" என்றார். சில பாகங்களுக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதால் நானும் தலையாட்டினேன். வண்டியில் உதறலும் இல்லை, விளக்கும் இல்லை. சந்தோஷத்தில் நண்பர்கள் இரண்டு பேரை வேறு அங்கே அனுப்பிவைத்தேன். அந்த வெட்கம் தனி.

அப்புறம் அந்த மழை. முன்னால் போன வண்டி திடீரென்று நின்றது. முழுப் பலத்தோடு மிதித்தேன். பெடல் உதறவே இல்லை. சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே சறுக்கிக்கொண்டு போனது. ஒரு முழம் மிச்சம் இருக்கும்போது நின்றது.

அன்று ராத்திரி வண்டிக்குள் உட்கார்ந்து, எஞ்சினை எடுக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தேன். ஆயில், பேட்டரி, ஏர்பேக் எல்லா விளக்கும் எரிந்தன. ஏபிஎஸ் இடம் மட்டும் இருட்டு. நல்ல நிலையில் இருக்கும் காரில் சாவி போட்டதும் அந்த விளக்கு சில விநாடி எரிந்துவிட்டுத்தான் அணையும். எரியவே இல்லை என்றால், பல்பு போயிருக்க வேண்டும், இல்லை யாரோ கை வைத்திருக்க வேண்டும்.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன், வயதானவர். பானெட்டைத் திறந்து யூனிட்டின் மேல் டார்ச் அடித்தார். "இங்க பாருங்க" என்று பிரேக் பைப் நட்டுகளைக் காட்டினார். ஆறு நட்டிலும் பல வருட எண்ணெயும் மண்ணும் கெட்டியாகப் படிந்திருந்தன. ஸ்பேனர் பட்டிருந்தால் முனைகளாவது பளபளக்கும். யூனிட் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. பியூஸ் பெட்டியில் ஏபிஎஸ் இடம் காலி. மீட்டர் போர்டைக் கழற்றினால் பின்னால் ஒரு பல்பு குறைவு. பியூஸ் இல்லாவிட்டால் சாதாரண பிரேக் பிடிக்கும், ஏபிஎஸ் மட்டும் செத்துக் கிடக்கும். உதறல் நின்ற ரகசியம் இதுதான்.

இரண்டையும் போட்டுவிட்டு, அவருடைய ஸ்கேனரில் நாலு சக்கர வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடக்கும் வேகத்தில் வண்டியை ஓட்டச் சொன்னார். மூன்று சக்கரம் 8, 7, 6 என்று ஒழுங்காக இறங்கின. இடது முன்சக்கரம் 8, 7 என்று வந்து ஒரு நொடி பூஜ்யத்துக்கு விழுந்து, திரும்ப 6 காட்டியது. பிறகு மல்டிமீட்டரில் இரண்டு பக்கச் சென்சாரையும் அளந்தார். இரண்டுமே ஆயிரம் ஓம்ஸ் பக்கம், கிட்டத்தட்ட ஒரே அளவு. புதுச் சென்சாரில் குறை இல்லை. பழையதிலும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சக்கரத்தைக் கழற்றி சென்சார் வேகத்தை அளக்க உதவும், ஆக்ஸிலில் இருக்கும் பல் ரிங்கைத் துடைத்தபோதுதான் தெரிந்தது. ரிங்குக்கு அடியில் துரு உப்பி, ரிங்கே வெடித்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் இரண்டு பல்லுக்கு நடுவே என் நகம் நுழைகிற அளவு கூடுதல் இடைவெளி. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் அந்த இடத்தில் சிக்னல் தடுக்கி விழுகிறது. மெதுவாகப் போகும்போது சிக்னல் ஏற்கெனவே பலவீனம். சக்கரம் பூட்டிக்கொண்டது என்று கம்ப்யூட்டர் நினைத்து பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். துருவைச் சுரண்டி, புது ரிங் ஏற்றி, அரை நாளில் முடித்துக் கொடுத்தார்.

பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். "பியூஸ் தானா கழண்டிருக்கும் சார்" என்றார். பல்பும் தானாகத்தான் கழன்றதா என்று கேட்டேன். லைன் கட் ஆனது. அந்த ஆறு நட்டின் போட்டோவையும் பில்லையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, யூனிட் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்து நாலு நாள் ஆகிறது.